மணலி வீட்டின் கொடிவழி: எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,



எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில் ஓர் அம்மாள் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறார். மார்கழியில் அதிகாலை வகுப்பும் உண்டு. போன வாரம் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாடியிலிருந்து வந்த இசை என்னை நிறுத்திவிட்டது. ஏறிப் போய்ப் பார்த்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வயலினின் சுருள்முனை வலது கணுக்காலில் ஊன்றியிருந்தது. மறுமுனை இடது தோளோரம் சாய்ந்திருந்தது. வில்லை இழுக்கும்போதெல்லாம் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். அவள் வாசித்தது 'சந்ததம் பாஹிமாம்'. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்களில் ஒன்று. ஆங்கிலேயர் தங்கள் அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு; பாடப்படுவதோ சியாமளா தேவி.

அந்தக் குழந்தையின் மடியில் இருந்த கருவியும், அவள் வாசித்த மெட்டும் நம் சங்கீதத்துக்குள் வந்த வழியைத் தேடினால், இரண்டும் ஒரே வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகின்றன. அது மணலி முதலியார் வீடு. அந்த வீட்டாரின் கொடிவழியைத் தேடித் தொகுக்கும் பணியைத் தங்கள் காப்பகம் முன்னின்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

தங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முத்துசுவாமியின் தந்தை ராமசுவாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை நமக்குத் தந்தவர், குடும்பத்தோடு திருவாரூரில் இருந்தார். தியாகராஜர் சந்நிதிக்கு வந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் அவருடைய வித்வத்தைக் கண்டு, தம் ஊருக்கு வந்து தங்கும்படி அழைத்தார். தீட்சிதரும் மனைவி மக்களோடு மணலிக்கு வந்தார். முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், எல்லோரும் சின்னையா முதலியார் என்று அழைத்தவர், தந்தை தொடங்கிய ஆதரவைக் குறையாமல் நடத்தினார். காசி யாத்திரையில் இருந்த சிதம்பரநாத யோகி மணலிக்கு வந்து, மூத்த பிள்ளை முத்துசுவாமியைத் தம்மோடு அனுப்பும்படி கேட்டபோது, தகப்பனார் மனம் கலங்கினார். அவரைத் தேற்றிச் சம்மதிக்க வைத்தவர் சின்னையா முதலியார். காசியில் கழித்த அந்த ஆண்டுகள் இல்லாமல், பிறகு நாம் அறிந்த முத்துசுவாமி தீட்சிதர் இல்லை.

சின்னையா முதலியாருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்பு. தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் ஐரோப்பிய வாத்தியக் கோஷ்டியைக் கேட்க வைத்தார். கடைசித் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த வயலின் ஒலியில் மனம் பறிகொடுத்ததைக் கவனித்து, ஓர் ஐரோப்பியரைச் சம்பளத்துக்கு அமர்த்தி மூன்று ஆண்டுகள் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். நம் ராகங்களை அந்தக் கருவியில் வாசிக்க முதலில் வழி கண்டவர் பாலுசுவாமியா, தஞ்சை வராகப்பய்யரா, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவா என்று சங்கீத வட்டாரத்தில் வாதம் உண்டு. அந்த மூவரில் ஆரம்ப காலத்தவர் என்று பெரும்பாலோர் சொல்வது பாலுசுவாமியைத்தான். எனக்கும் அதில் ஐயம் இல்லை.

இவ்வளவும் நமக்கு எங்கிருந்து தெரிகிறது? பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நூலின் முன்பகுதியில் எழுதிய வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து. பாட்டனார் வாய்மொழியாகச் சொன்னதைப் பேரன் முதுமையில் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் மணலி என்ற பெயர் சங்கீத வரலாற்றில் தடமில்லாமல் போயிருக்கும். நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் அந்தச் சில பத்திகளையே திருப்பித் திருப்பி எடுத்தாளுகிறோம். மேடையில் பேசுபவர்கள் அதற்குக் கொஞ்சம் அலங்காரம் சேர்க்கிறார்கள். கூடுதலாக ஒரு காகிதம் வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐயா, அந்தக் காகிதம் தங்கள் கட்டடத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முத்துகிருஷ்ண முதலியார் சாதாரண நிலக்கிழார் அல்லர். சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகாட்டின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். கோட்டைக்கும் கறுப்பர் பட்டணத்துக்கும் இடையில் இருந்தவர். கடன், குத்தகை, வியாபாரம், சமரசம், தூது என்று எதுவும் துபாஷி கையைத் தாண்டி நகராத காலம் அது. 1757-இல், பிரெஞ்சுக்காரர் படையெடுப்பை எதிர்பார்த்துக் கோட்டையின் வடக்கே இருந்த கட்டடங்களைக் கம்பெனியார் இடித்தபோது பழைய சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் அது. ஊரார் மனம் கொதித்தது. கம்பெனியார் மாற்று இடம் கொடுக்க, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் புதுக் கோயில்கள் எழும்பின. அதற்குத் தம் கைப்பணமும் போட்டு, ஊரில் வசூலும் செய்து, முன்னின்று கட்டியவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். இன்றும் வெங்காய மூட்டை வண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே அந்த இரட்டைக் கோயில்கள் இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் சத்தம் சட்டென்று அடங்கிவிடும்.

அவருடைய எசமானர் பிகாட் 1775-இல் இரண்டாம் முறை ஆளுநராக வந்து, ஆற்காட்டு நவாபு பிடித்துக்கொண்ட தஞ்சாவூரை 1776-இல் துளஜா மன்னருக்கே திருப்பிக் கொடுத்தார். அதனால் கிளம்பிய பகையில் அதே ஆண்டு ஆகஸ்டில் சொந்த ஆலோசனைச் சபையினராலேயே சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்தார். அந்தத் தஞ்சைச் சீமையின் திருவாரூரில்தான் அதே காலத்தையொட்டி முத்துசுவாமி தீட்சிதர் பிறக்கிறார். அரசியல் புயலில் அடிபட்ட அந்த ஆளுநரின் துபாஷி, சில ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கு நிழலாகிறார். இதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. தஞ்சாவூரோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த போக்குவரத்து எப்படிப்பட்டது என்பது தங்கள் பேரேடுகளில் துலங்கக்கூடிய விஷயம்.

மேலைநாட்டு உதாரணம் ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். ராமசுவாமி தீட்சிதர் பிறந்தது 1735. ஆஸ்திரியாவில் ஜோசப் ஹைடன் பிறந்தது 1732. இருவரும் ஏறக்குறைய சமவயதினர். இருவரும் ஒரு பெருங்குடும்பத்தின் ஆதரவில் இசை செய்தவர்கள். ஹைடனை ஆதரித்தது ஹங்கேரியின் எஸ்தர்ஹாசி பிரபுக்கள் குடும்பம். 1761 மே முதல் தேதி ஹைடன் அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் வரிக்கு வரி கிடைக்கிறது: என்ன உடை உடுத்த வேண்டும், தினமும் எப்போது வந்து உத்தரவு கேட்க வேண்டும், எழுதிய இசை யாருக்குச் சொந்தம் என்பது வரை. ஏன் கிடைக்கிறது? அந்தப் பிரபுக் குடும்பத்தின் வழி அறுபடாமல் அறியப்பட்டது. அவர்கள் காகிதங்கள் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இசையமைப்பாளர் எழுதிவைப்பது பாட்டு. அவருக்கு அரிசி அளந்தவர்கள் எழுதிவைப்பது கணக்கு. வாழ்க்கை வரலாறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது.

மணலி வீட்டுக் கணக்கு கிடைத்தால் என்னென்ன தெரியவரும் என்று யோசித்துப் பாருங்கள். தீட்சிதர் குடும்பம் எந்த ஆண்டு வந்து எந்த ஆண்டு திருவாரூருக்குத் திரும்பியது என்பது தெரியும். பாலுசுவாமிக்கு வயலின் கற்றுக்கொடுத்த அந்த ஐரோப்பியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் என்றால் ஒரு பெயரும் ஒரு தொகையும் எங்கேயோ எழுதப்பட்டிருக்கும். சுப்பராம தீட்சிதர் அந்த ஆசிரியரின் பெயரைத் தரவில்லை. இருநூறு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான வயலின் வித்வான்கள் வந்திருக்கிறார்கள். அந்த வரிசையின் தொடக்கத்தில் நின்றவர் பெயரில்லாமல் நிற்கிறார். இன்னொன்று: ராமசுவாமி தீட்சிதர் 108 ராகங்களில் 108 தாளங்களில் ஒரு மாபெரும் ராகதாளமாலிகை செய்தார். மணலி ஆதரவோடு சேர்த்தே பேசப்படும் படைப்பு அது. நம் கைக்கு வந்திருப்பது 61 ராகப் பகுதிகள். மிச்சம் 47. அது எந்த ஓலையில் இருந்தது, யார் வீட்டுப் பரணில் இருந்தது? தேடினால் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்டவில்லை. தேடாமலே இல்லை என்று முடிவு கட்டுவது தகாது என்கிறேன்.

ஒரு கேள்வி வரும். எட்டயபுரம் ஜமீன் வம்சம் எல்லோருக்கும் தெரிகிறதே, மணலி வம்சம் மட்டும் ஏன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று? பாலுசுவாமி தீட்சிதரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்ட குடும்பம் எட்டயபுரம். தம்பியைப் பார்க்கப் போன முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் அங்கேயே அடங்கினார். சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அந்த வம்சம் ஏன் தெளிவாகத் தெரிகிறது என்றால், அது பங்கிட முடியாத ஜமீன். மூத்தவருக்கு மட்டுமே பட்டம். ஆகவே தலைமுறைக்கு ஒருவர் என்று கோடு நேராகப் போகிறது. கம்பெனியாரும் பிறகு சர்க்காரும் பேஷ்கஷ் என்ற கப்பம் வாங்கியதால் ஒவ்வொரு வாரிசுமாற்றமும் சர்க்கார் தாளில் ஏறியது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோதுகூட இழப்பீடு யாருக்கு என்று எழுதியாக வேண்டியிருந்தது.

துபாஷியின் செல்வம் அப்படியில்லை. அது ரொக்கம், கடன் பத்திரம், தோட்டம், தெருவில் இரண்டு வீடு, கோயில் பொறுப்பு. மிதாட்சர முறைப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு. மூன்று தலைமுறையில் ஒரு பெருவீடு பதினாறு வீடாகிவிடும். பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஒரு கிளை நொடிக்கும். ஒரு கிளை சுவீகாரம் எடுக்கும். ஒரு கிளை பெண் வழியாகப் போய் வேறு ஊர்ப்பெயர் தாங்கும். அதனால் அந்தக் குடும்பம் மறையவில்லை, பரவிவிட்டது. பரவியதைத் தேடுவது அரிது, ஆனால் முடியாதது அல்ல. பங்கு பிரித்தால் பத்திரம் எழுதுவார்கள். சண்டை வந்தால் வழக்குப் போடுவார்கள். வழக்கு என்றால் வம்சாவளி தாக்கல் செய்தே ஆக வேண்டும். நம் ஊரில் குடும்ப வரலாற்றை எழுதிவைத்த பெரிய எழுத்தாளர்கள் வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள்தாம்.

தங்கள் காப்பகத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பு நான் உட்கார்ந்திருக்கிறேன். 1909 முதல் நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்தின் உயரமான சன்னல் வழியே மதியவெயில் மேசைமேல் விழும். நாடாவால் கட்டிய தொகுதி ஒன்றைப் பணியாளர் இரண்டு கையாலும் தாங்கிக் கொண்டுவந்து, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மேசையில் வைத்தார். "மெல்லப் புரட்டுங்க சார், தாள் அப்பளமாட்டம் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த அக்கறையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்று நான் தேடியது வேறொரு விஷயம். ஆனால் அன்று கற்ற பாடம் இதற்கும் பொருந்தும்: வெள்ளைக்கார எழுத்தர் தன் காதில் விழுந்தபடி நம் பெயர்களை எழுதியிருக்கிறான். கிருஷ்ணன் 'கிஸ்ட்னா' ஆகிறான். முதலியார் 'மூடெலி' ஆகிறார், 'மொடலி' ஆகிறார். ஊர்ப்பெயர் ஒரு பக்கத்தில் முன்னால் ஒட்டிக்கொள்ளும், அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். அகராதி வரிசையில் ஓரிடத்தில் தேடுபவர் ஒருவரையும் காணமாட்டார். ஒரே ஆள் ஐந்து எழுத்துக்கூட்டலில் ஐந்து ஆட்களாகச் சிதறிக் கிடப்பார்.

இந்த ஒரு காரணத்தால்தான் தனி ஆராய்ச்சியாளரால் ஆகாத வேலை இது என்கிறேன். நிறுவனம் செய்ய வேண்டிய வேலை. கம்பெனியாரின் ஆலோசனைக் குறிப்புகளில் 1750-கள் வரையிலானவற்றில் பெரும்பகுதி, தங்களுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் காலத்திலேயே அச்சேறிவிட்டது. மணலி குடும்பம் செழித்திருந்த 1760 முதல் 1800 வரையான காலம் பெரும்பாலும் இன்னும் கையெழுத்துத் தொகுதிகளிலேயே இருக்கிறது. மேயர் நீதிமன்றப் பதிவுகளும் தங்களிடம் இருக்கின்றன. 1798-இல் அது ரெக்கார்டர் நீதிமன்றமாகி, 1801-இல் சுப்ரீம் கோர்ட்டாகி, 1862-இல் உயர்நீதிமன்றமானது. முத்துகிருஷ்ணர், சின்னையா, அவர்கள் பிள்ளைகள், பேரர்கள் என்று நான்கு தலைமுறை இந்த நான்கு நீதிமன்றங்களுக்குள் அடங்கிவிடும். உயில், கடன் வழக்கு, பாகவழக்கு என்று எந்த வடிவத்திலாவது அவர்கள் அங்கே வந்திருப்பார்கள். பட்டணத்தில் பணம் இருந்தவர் எவரும் நீதிமன்றத்தைத் தவிர்த்ததில்லை. 1860-களில் பத்திரப் பதிவு வந்த பிறகு இன்னொரு வாசலும் திறக்கிறது. வீடு வாங்குகிற எவரும் தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்று போடுகிறோம். அதே சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் பூக்கடையின் சில மனைகள் பழைய பெயர்களில் கொண்டுபோய் விடும்.

இந்து சமய அறநிலையத் துறையின் பதிவறையும் இதற்கு வேண்டும். கோயில் கட்டியவர் குடும்பத்தார் அறங்காவலர் பொறுப்பு கேட்பது பட்டணத்தின் பழைய வழக்கம். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, ஒருவர் பரம்பரை அறங்காவலரா என்ற வழக்கை அந்தத் துறையே விசாரிக்கிறது. அத்தகைய மனுக்களோடு பெரும்பாலும் கொடிவழிப் பட்டியல் இணைப்பாக வரும். மேலே தாத்தா, கீழே கிளைகிளையாகப் பிள்ளைகள், இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சிறு குறி. தங்கள் துறையும் அவர்கள் துறையும் ஒரே அரசின் இரண்டு கைகள். மணலி என்ற பெயர் வரும் பழைய கோப்புகளின் நகலைக் கேட்டுப் பெறத் தங்களைவிடத் தகுதியுள்ள அலுவலகம் வேறு இல்லை.

தேடுபவர்களுக்கு நம் பெயரிடும் வழக்கம் ஒரு பெரிய துணை. பாட்டன் பெயர் பேரனுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஆகவே ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்ப வரலாம். முத்துகிருஷ்ணன், வேங்கடகிருஷ்ணன் என்ற பெயர்கள் மாறி மாறி வரும் ஒரு கிளையைக் கண்டால் அங்கே நின்று பார்க்க வேண்டும். ஆனால் அதுவே வழிதவறச் செய்யவும் கூடும். பாட்டனின் கடனைப் பேரன் தலையில் கட்டிவிடும் பிழை அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஆண்டு, முகவரி, தகப்பன் பெயர் மூன்றும் பொருந்தினால்தான் ஒப்ப வேண்டும்.

பெண்களை விட்டுவிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். கொடிவழிப் பட்டியல் என்றால் ஆண்பிள்ளைகள் வரிசை என்றே நம் ஆவணங்கள் பழகியிருக்கின்றன. பெண் கல்யாணமாகிப் போனதும் கோடு நின்றுவிடும். தீட்சிதர் குடும்பத்தின் கதையையே பாருங்கள். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் வழியாகத்தான் அந்தச் சங்கீதமெல்லாம் நமக்கு வந்து சேர்ந்தது. மகள் வழியை எண்ணாமல் விட்டிருந்தால் சுப்பராம தீட்சிதர் இல்லை, 'பிரதர்சினி' இல்லை. மணலி வீட்டின் ஓலைக்கட்டும் யாரோ ஒரு பெண்ணின் சீர்வரிசைப் பெட்டியோடு வேறு ஊருக்குப் போயிருக்கலாம்.

இதைப் படிக்கும் சிலர் மனதில் ஓர் எண்ணம் எழும். ஒரு பழைய பணக்காரக் குடும்பத்தை, ஒரு சாதிப் பெருமையைத் தூக்கிப்பிடிக்க அரசு அலுவலகம் எதற்கு? நியாயமான கேள்வி. துபாஷிகளின் செல்வம் எல்லாம் தர்மத்தில் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். கம்பெனியின் சுரண்டலில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நெசவாளரும் குடியானவரும் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். ஆவணங்கள் வெளிவந்தால் அதுவும் சேர்ந்தே வெளிவரட்டும். முத்துகிருஷ்ணர் கோயில் கட்டியதும், வித்வானுக்கு வீடு கொடுத்ததும், வட்டிக்கு விட்டதும் ஒரே மனிதரின் வாழ்க்கைதான். சிலை வைக்கவும் விழா எடுக்கவும் நான் கேட்கவில்லை. முழு மனிதராக அவரைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

இன்று உயிரோடிருக்கும் வாரிசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரையும் ஊரறியக் காட்ட வேண்டாம். பழைய சொத்துத் தகராறுகளைக் கிளறும் வேலையும் இது அல்ல என்று முதலிலேயே தெளிவாக அறிவித்துவிட வேண்டும். இறந்து நூறாண்டுக்கு மேல் ஆனவர்கள் வரையில் கொடிவழியை வெளியிடலாம். அதற்குக் கீழே வருபவர்கள் தாங்களாக வந்து சொன்னால் மட்டும், அவர்கள் விருப்பப்படி மட்டும். அவர்களிடம் நாம் கேட்பது உரிமை அல்ல, காகிதம். அதையும் பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கிப் படமெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஓலையானால் எண்ணெய் பூசிச் சீர்செய்து கொடுக்கலாம். அந்தக் கைப்பக்குவம் உள்ளவர்கள் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறார்கள்.

அவசரம் என்ன என்று கேட்கலாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாத்தாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பாகப்பிரிவினைப் பத்திரம், கோயில் மண்டகப்படிக் கணக்கு, யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள், நூல்கயிற்றில் கோத்த ஓலைக்கட்டு இரண்டு. சிறுவயதில் அந்தப் பெட்டியைத் திறந்தால் வேப்பிலையும் பழந்தாளும் கலந்த ஒரு வாசனை வரும். தாத்தா காலமான மறுவருடம் வீட்டைப் பழுதுபார்த்தார்கள். போகியன்று விடியற்காலை, கிழிந்த பாயோடும் உடைந்த முறத்தோடும் அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் வாசலில் எரிந்தது. எரித்தவர்கள் மேல் குற்றமில்லை. அதை யாரிடம் கொடுக்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் எழுந்து வெளியே வந்தபோது ஓலை எரியும் படபட சத்தம் மட்டும் கேட்டது. இன்றும் என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் எனக்குத் தெரியாது.

மணலியில் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நிற்கின்றன. இரவு பகலாக டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. 2011-இல் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இங்கே ராமசுவாமி தீட்சிதர் வீணையை மீட்டினார், அவர் பிள்ளைகள் சாதகம் செய்தார்கள் என்று அந்தச் சாலையில் போகும் ஒருவருக்குச் சொல்ல அங்கே ஒரு பலகையும் என் கண்ணில் பட்டதில்லை. வீடு போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த வீட்டார் பெயர்கள் தாளில் இருக்கின்றன, தாள் தங்கள் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். மணலி குடும்பம் என்று ஒரு தனிக் கோப்பைத் தங்கள் காப்பகத்தில் தொடங்குங்கள். ஆங்கில ஆவணங்களில் அந்தப் பெயர்கள் எத்தனை எழுத்துக்கூட்டலில் வருகின்றனவோ அத்தனையையும் திரட்டி, எந்தத் தொகுதி எந்தப் பக்கம் என்று ஓர் அடைவு தயாரித்து, யாரும் வந்து பார்க்கும்படி வையுங்கள். ஆவணம் படிக்கத் தெரிந்த ஒருவரும், சங்கீத வரலாறு அறிந்த ஒருவரும், சொத்துப் பத்திர நடை புரிந்த ஓய்வுபெற்ற பதிவுத்துறை அலுவலர் ஒருவருமாக மூன்று பேர் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. டிசம்பர் கச்சேரி ஒன்றின் மேடை அலங்காரத்துக்கு ஆகும் பணத்தில் தொடங்கிவிடலாம். சபாக்களும் இதற்குக் கைகொடுக்கும் கடமைப்பட்டவை. அடைவு தயாரானதும் நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள்: மணலி முதலியார் குடும்பத்தோடு பெண் கொடுத்தோ எடுத்தோ, கணக்கெழுதியோ, குத்தகை பார்த்தோ தொடர்புடைய வீடுகளில் பழைய தாளோ ஏடோ இருந்தால் தெரிவியுங்கள் என்று.

இந்த மடலைப் படிக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வடசென்னையிலோ வேறெங்கோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி ஒன்று இருந்தால், அதில் மணலி என்ற ஊர்ப்பெயரோடு ஒரு முதலியாரின் கையெழுத்து இருந்தால், ஒரு போஸ்ட் கார்டில் அதை எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போடுங்கள். போகிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆசிரியர்